இணைப்பிடத்தில் தொடங்குங்கள்: ஆங்கிலக் கூட்டுச்சொற்களை அசை பிரித்து உச்சரிக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை நேரங்களில் நான் நடத்தும் ஆங்கில வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர், தோட்டத்து லயங்களிலிருந்து தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சில வாரங்களுக்கு முன்பு, நான்காம் படிவத்தில் படிக்கும் மாணவி ஒருத்தி, ஒரு படத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் விவரிக்கும் பயிற்சியில் ஈடுபட்டிருந்தாள். செம்பனைக் குலைகளை ஏற்றிய ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியை ஒருவர் மண்பாதையில் தள்ளிச் செல்வதுதான் படம். அப்படிப்பட்ட வண்டியை அவளுடைய தாத்தா பல ஆண்டுகள் தள்ளியவர். அதற்கு மலாயில் 'கிரேத்தா சோரோங்' என்று பெயர் என்பதும் அவளுக்குத் தெரியும். 'வீல்பாரோ' என்ற ஆங்கிலப் பெயரையும் தாளில் பிழையில்லாமல் எழுதிவிட்டாள். வாய் திறந்து படித்தபோது மட்டும் 'வீலு, பர், ரவ்' என்று மூன்று துண்டுகளாக வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த தோழிக்கு அது எந்தச் சொல் என்றே விளங்கவில்லை. இவள் உடனே குரலைத் தாழ்த்தி, அந்தச் சொல்லை விட்டுவிட்டு, வெறும் 'வண்டி' என்று பொருள்படும் வேறொரு சொல்லைப் போட்டு வாக்கியத்தை முடித்துக்கொண்டாள்.

பொருளும் எழுத்தும் தெரிந்த சொல்லை உச்சரிப்புக்குப் பயந்து ஒரு பிள்ளை கைவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் பேச்சுத் தேர்வும் இருப்பதால், இப்படிக் கைவிடப்படும் ஒவ்வொரு சொல்லும் மதிப்பெண்ணையும் தொடுகிறது. அன்று அவளுக்குக் கற்பித்ததைப் பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் பயன்படும் வகையில் இங்கே விரிவாக எழுதுகிறேன். முறை எளியது: முதலில் இரு சொற்களும் சேரும் இணைப்பிடத்தைக் கண்டுகொள்ள வேண்டும், பிறகு ஒவ்வொரு பாதியையும் தனியே அசை பிரிக்க வேண்டும், அதன் பிறகே அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் நேரே அசை பிரிக்கத் தொடங்கிவிடுவதால்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன.

கூட்டுச்சொல் என்பது தமிழர்க்குப் புதியதன்று. தோட்டத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் 'பால்மரம்' வேறு, 'மரப்பால்' வேறு என்பது தெரியும். இரண்டிலும் சொற்கள் அவையே என்றாலும், பின்னால் நிற்கும் சொல்தான் அந்தப் பொருள் என்ன என்பதைச் சொல்கிறது: ஒன்று மரம், மற்றொன்று பால். ஆங்கிலமும் பெரும்பாலும் இதே வழியில்தான் நடக்கிறது. 'வீல்' என்றால் சக்கரம். 'பாரோ' என்றால் சுமைவண்டி. ஆகவே 'வீல்பாரோ' என்பது சக்கரம் உள்ள சுமைவண்டி. ஆங்கிலக் கூட்டுச்சொற்களில் சில சேர்த்தும், சில இடைக்கோடு இட்டும், சில தனித்தனியாகவும் எழுதப்படுகின்றன. 'ஃபுட்பால்' ஒரே சொல்லாகவும் 'பஸ் ஸ்டாப்' இரு சொற்களாகவும் எழுதப்பட்டாலும், ஒலிக்கும்போது இரண்டும் ஒரே விதிக்கு உட்பட்டவை என்பதால், இடைவெளி இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி உச்சரிப்புக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

இணைப்பிடத்தை ஏன் முதலில் தேட வேண்டும் என்பதற்குச் சாலைக்குழியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. அதில் டீ என்ற எழுத்தும் எச் என்ற எழுத்தும் அடுத்தடுத்து நிற்கின்றன. அவை இரண்டும் சேர்ந்தால் நாக்கு நுனி பல்லைத் தொடும் ஒலி என்று முதலாம் ஆண்டிலிருந்தே படித்துவந்த பிள்ளை, அதைத் தயங்காமல் 'போத்தோல்' என்று படித்துவிடும். ஆனால் டீ முதற்சொல்லுக்கு உரியது. எச் இரண்டாம் சொல்லுக்கு உரியது. 'பாட்' என்றும் 'ஹோல்' என்றும் நடுவே வெட்டிவிட்டால் 'பாட்ஹோல்' என்று சரியாக வந்துவிடும். சட்டத்தில் உள்ள ஓட்டையைக் குறிக்கும் சொல்லில் இதேபோல் பீயும் எச்சும் அடுத்தடுத்து வருவதால் 'லூஃபோல்' என்று படிப்பவர்கள் உண்டு. 'லூப்', 'ஹோல்' என்று பிரித்தால் 'லூப்ஹோல்' என்பது தெளிவாகும். இரு பாதிகளும் முழுச் சொற்களாக இல்லாத இடத்தில்கூட இந்த மருந்து வேலை செய்கிறது. சிறு விபத்தைக் குறிக்கும் 'மிஸ்ஹாப்' என்பதில் எஸ்ஸும் எச்சும் சேர்ந்து நிற்பதைப் பார்த்து 'மிஷாப்' என்று படித்துவிடக் கூடாது. இரண்டாம் பாதி எச்சில் தொடங்கும் சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தவறு நேரும் இடங்களில் பாதி அந்த ஒரே தாளில் அடங்கிவிடும்.

இணைப்பிடத்தில் ஒலிக்காமல் நிற்கும் ஈ என்ற எழுத்தும் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. ரப்பர் தகடுகளைப் புகையிட்டு உலர்த்தும் கட்டடம் நம் தோட்டங்களில் இருந்ததே, அதன் ஆங்கிலப் பெயர் 'ஸ்மோக்ஹவுஸ்'. முதற்சொல்லின் இறுதியில் உள்ள ஈ, தனக்கு முன்னால் உள்ள உயிரை நெடிலாக்குவதற்காக மட்டும் நிற்கிறது, தானாக ஒலிப்பதில்லை. இணைப்பிடத்தை அறியாத பிள்ளைக்கு அது சொல்லின் நடுவே வரும் ஓர் உயிரெழுத்தாகத் தெரிவதால் 'ஸ்மோ-கே-ஹவுஸ்' என்று மூன்று அசையாகப் படிக்கிறது. உண்மையில் 'ஸ்மோக்' ஓர் அசை, 'ஹவுஸ்' ஓர் அசை. கிடங்கைக் குறிக்கும் 'வேர்ஹவுஸ்' என்ற சொல்லும் இப்படியே இரண்டசைதான்.

இனி அசை பிரிப்புக்கு வருவோம். நம் பிள்ளைகள் தேசிய மொழியான மலாய்ப் பாடத்தில் முதலாம் ஆண்டிலேயே 'சுக்கு காத்தா' எனப்படும் அசை பிரிப்பைப் படித்திருப்பதால், ஒரு சொல்லைத் துண்டு துண்டாகக் கைதட்டிச் சொல்லும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு. ஆங்கில அசையும் அடிப்படையில் அதுதான்: ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. தமிழ் யாப்பு படித்த மாணவர்கள் மட்டும் இங்கே ஒரு கணம் நிதானிக்க வேண்டும். யாப்பில் நிரையசை இரண்டு உயிர்களைக் கொண்டது. ஆகவே 'கருவி' என்பது நிரையும் நேருமாக இரண்டசை. ஆங்கிலக் கணக்கில் அதே சொல் க, ரு, வி என்று மூன்று. இக்கட்டுரையில் அசை என்று நான் எழுதும்போதெல்லாம் இந்த இரண்டாவது கணக்கையே குறிப்பிடுகிறேன்.

எழுத்தை எண்ணாமல் ஒலியை எண்ண வேண்டும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று. புறங்கையை முகவாய்க்குக் கீழே இலேசாக ஒட்டி வைத்துக்கொண்டு சொல்லை மெதுவாகச் சொன்னால், ஒவ்வோர் உயிரொலிக்கும் தாடை ஒரு முறை இறங்கிக் கையைத் தொடும். 'வீல்' என்று சொல்லும்போது ஒரு முறையும், 'பாரோ' என்று சொல்லும்போது இரண்டு முறையும் தொடுவதால், 'வீல்பாரோ' மூன்றசைச் சொல். இதன் பிரிப்பு வீல்-பா-ரோ. இரண்டாம் அசையின் முதலெழுத்து, 'பம்பரம்' என்னும் சொல்லில் மகரத்தை அடுத்து வரும் பகரத்தைப் போல மென்மையாக ஒலிக்கும். அதை அடுத்து வரும் உயிர் தமிழில் இல்லாதது; எ என்று சொல்லத் தொடங்கி, வாயை ஆ சொல்லும் அளவுக்கு அகலத் திறந்தால் அந்த ஒலி கிடைக்கும்; அளவில் அது குறிலே. எழுத்தில் இரண்டு ஆர் இருந்தாலும் ஒலியில் ஒரே ரகரம்தான். இறுதியில் உள்ள டபிள்யூ தனியாக ஒலிப்பதில்லை.

அந்த மாணவி 'பர்' என்றும் 'ரவ்' என்றும் வெட்டியதற்குக் காரணம் என்ன என்று கேட்டேன். அவள் கைப்பேசியில் இருந்த அகராதியைத் திறந்து காட்டினாள். சொல்லின் நடுவே புள்ளிகள் இட்டு, இரண்டு ஆர்களுக்கும் இடையே வெட்டியிருந்தது. குழந்தை தன் பங்குக்கு ஒழுங்காகத்தான் படித்திருக்கிறது. அமெரிக்க அகராதிகளில் தலைச்சொல்லின் நடுவே இடப்படும் அந்தப் புள்ளிகள், வரியின் இறுதியில் சொல்லை எங்கே முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுசெல்லலாம் என்று அச்சுக்கோப்போருக்குச் சொல்வதற்காக ஏற்பட்டவை. பல சொற்களில் அவை உச்சரிப்போடு ஒத்துப்போகும்; சில சொற்களில் ஒத்துப்போகாது. உச்சரிப்புக்கு நம்ப வேண்டியது, தலைச்சொல்லை அடுத்து ஒலிக்குறிகளால் எழுதப்பட்டிருக்கும் வடிவத்தையே. 1886ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் தோன்றிய பன்னாட்டு ஒலியியல் கழகம் வகுத்த அந்தக் குறிகள் எல்லாவற்றையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டு செங்குத்துக் கோடுகளை மட்டும் அடையாளம் கண்டுகொண்டால் போதும்: மேலே உயர்ந்து நிற்கும் சிறு கோடு, தன்னை அடுத்து வரும் அசைக்கு முதல் அழுத்தம் என்றும், கீழே தாழ்ந்து நிற்கும் கோடு, தன்னை அடுத்து வரும் அசைக்கு இரண்டாம் அழுத்தம் என்றும் பொருள் தருகின்றன.

அடுத்தது இணைப்பிடத்தை ஒலிக்கும் விதம். நம் நாக்குக்கு மிகக் கடினமான இடமும், நான் மிகுந்த நேரம் செலவிடும் இடமும் இதுவே. நன்னூலின்படி தமிழ்ச் சொல்லின் ஈற்றில் வரத்தக்க எழுத்துகள் 24. உயிர் 12, மெய் 11, குற்றியலுகரம் 1. அந்த 11 மெய்களில் க், ச், ட், த், ப், ற் என்னும் வல்லின மெய்கள் ஒன்றுகூட இல்லை. வல்லினத்தில் முடியும் அயற்சொல் வரும்போது தமிழ் நாக்கு தானாகவே ஓர் உகரத்தைச் சேர்த்து 'புக்கு', 'பேங்கு', 'கேட்டு' என்று ஆக்கிக்கொள்கிறது. இது சோம்பலோ அறியாமையோ ஆகாது. தலைமுறை தலைமுறையாக நாக்கில் படிந்த இலக்கணம். தமிழ் பேசும்போது அப்படிச் சொல்வதில் எந்தக் குறையும் இல்லை. ஆங்கிலம் பேசும்போது அந்த உகரம் இணைப்பிடத்தில் புகுந்துகொண்டால், இல்லாத ஓர் அசை உண்டாகிவிடுகிறது. இரண்டசைச் சொல்லான 'ஃபுட்பால்', 'ஃபுட்டுபால்' என்று மூன்றசையாகி, கேட்பவர் காதில் வேறு சொல்லாக விழுகிறது.

இதற்கான மருந்து நம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. 'சிப்புட்' என்றால் மலாயில் நத்தை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் 'சிப்புட்டு' என்று உகரம் சேர்த்துச் சொல்வார்கள். மலாய் ஆசிரியர் சொல்வதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளோ, ஈற்றில் நாக்கை மேலண்ணத்தின் முன்பக்கம் ஒட்டி, மூச்சை வெளியே விடாமல் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நாக்கு ஒட்டியபடியே நிற்கும் அந்த நிலைதான் 'ஃபுட்' என்னும் பாதியின் முடிவு. பிள்ளையை முதலில் ஊர்ப் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். நாக்கு ஒட்டி நிற்கட்டும். ஒட்டிய நாக்கை எடுக்கும் அதே நொடியில் உதடுகளைச் சேர்த்து 'பால்' என்று சொல்லச் சொல்லுங்கள். இடையே உகரம் நுழைய இடமே இராது. உதட்டில் முடியும் ஒலிக்கு, மூடு என்று பொருள்படும் 'துத்துப்' என்ற மலாய்ச் சொல் உதவும். ககரத்துக்கு மட்டும் மலாயைப் பின்பற்ற வேண்டாம். ஏனென்றால் மலாயில் சொல்லின் ஈற்றில் எழுதப்படும் ககரம் பெரும்பாலும் தொண்டையிலேயே அடைபட்டு நின்றுவிடுகிறது. அதற்குத் தமிழே போதும்: 'பக்கம்' என்று சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்துங்கள். நாக்கின் அடிப்பகுதி எங்கே ஒட்டி நிற்கிறதோ, அதுதான் 'பிளாக்போர்ட்' என்ற சொல்லின் நடுவே வரும் ககரம்.

முதற்பாதி முடியும் மெய்யும் இரண்டாம் பாதி தொடங்கும் மெய்யும் ஒன்றாகவே இருந்தால், தமிழர்க்கு வேலை மிகவும் எளிது. 'புக்கேஸ்', 'லாம்ப்போஸ்ட்', 'ரூம்மேட்' போன்ற சொற்களில் அந்த மெய்யை இரண்டு முறை தனித்தனியே வெடிக்க விடாமல், ஒரே முறை ஒட்டி, சற்று நீட்டிப் பிடித்து, பிறகு விட வேண்டும். 'பக்கம்', 'அம்மா' ஆகிய சொற்களில் நாம் நாள்தோறும் செய்வது அதைத்தான். ஆங்கிலேயர்க்குத் தனிச்சொற்களுக்குள் இத்தகைய இரட்டித்த மெய்யொலி கிடையாது. இணைப்பிடங்களில் மட்டுமே அவர்கள் அதை ஒலிக்கிறார்கள். நமக்கோ அது தாய்ப்பாலோடு வந்தது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது அவர்களுடைய முகத்தில் வரும் தெளிவை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அதே இரட்டிப்பு, தேவையில்லாத இடத்தில் புகுந்தால் பிழையாகும். தமிழில் 'பூ' என்பதும் 'கூடை' என்பதும் சேர்ந்தால் வல்லினம் மிகுந்து 'பூக்கூடை' ஆகிறது. 'டீக்கடை' என்பதும் அந்த வழியில் வந்ததே. அந்தப் பழக்கத்தில் தேநீர்க் கோப்பையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் 'டீக்கப்' என்று அழுத்திவிடுகிறோம். ஆங்கிலத்தில் அங்கே ஒரே ககரம்தான்; ஆனால் அது 'அகம்' என்பதில் வரும் ககரத்தைப் போல மெலிந்தும் விடக் கூடாது. டீ என்று நீட்டி, உடனே சிறு மூச்சோடு கப் என்று தொடங்க வேண்டும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்தால் அந்த மூச்சு கையில் படும்.

இணைப்பிடம் காதுக்குக் கேட்குமா என்று ஒரு மாணவன் கேட்டான். மரத்துக்குப் போடும் நைட்ரேட் உரத்தை அவனுக்கு எடுத்துக்காட்டினேன். 'நைட்ரேட்' கூட்டுச்சொல் இல்லை. ஆகவே அதன் நடுவே உள்ள டகரம், அடுத்த ரகரத்தோடு ஒட்டிக்கொண்டு இரண்டாம் அசையைத் தொடங்குகிறது: நை-ட்ரேட். இரவு நேரக் கட்டணத்தைக் குறிக்கும் 'நைட் ரேட்' என்ற தொடரிலோ, டகரம் முதற்பாதியிலேயே அடைபட்டு நின்றுவிட, ரகரம் புதிதாகத் தொடங்குகிறது. எழுத்துப்பெயர்ப்பில் இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தாலும், காதில் வேறுவேறு. இரண்டையும் மாற்றி மாற்றிப் பத்து முறை சொல்லிப் பார்த்தவருக்கு இணைப்பிடம் என்றால் என்ன என்று மறுபடி விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் பாதி உயிரில் தொடங்கும் சொற்களில் சிக்கல் எதுவும் இல்லை. மெய்யின் மேல் உயிர் வந்து ஏறுவது நமக்கு இயல்பு என்பதால், 'பைன்' என்பதும் 'ஆப்பிள்' என்பதும் 'பைனாப்பிள்' என்று தாமாகவே சேர்ந்துவிடும்.

அழுத்தத்தைப் பற்றிச் சற்று நிறைய எழுத வேண்டியிருக்கிறது. தமிழில் அசைகள் ஏறக்குறைய ஒரே எடையில் ஒலிக்கின்றன, மலாயும் அப்படியே. இரண்டு மொழிகளுக்கு நடுவே வளரும் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தையும் ஒரே எடையில் பேசுவது எதிர்பார்க்கத்தக்கதே. நான் யாருடைய பேச்சையும் இலண்டன்காரர் பேச்சாக மாற்ற விரும்பவில்லை. நம் நாட்டு ஆங்கிலத்துக்கு அதற்கே உரிய ஓசை இருப்பதில் தவறில்லை. ஆனால் கூட்டுச்சொல்லில் அழுத்தம் இடம் மாறினால் பொருளே மாறிவிடுவதால், இந்த ஓர் இடத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன்.

கேமரன் மலையில் காய்கறி பயிரிடும் கண்ணாடிக் குடில்களையும் நெகிழிக் கூடாரங்களையும் குறிக்கும் 'கிரீன்ஹவுஸ்' என்ற சொல்லில், முதற்பாதி கனத்தும் இரண்டாம் பாதி தாழ்ந்தும் ஒலிக்கும். பச்சைச் சாயம் அடித்த ஒரு வீட்டைச் சொல்ல வேண்டுமானால் சொற்கள் அவையே. ஆனால் கனம் 'ஹவுஸ்' என்பதற்குப் போகும். கரும்பலகைக்கும் கருப்பு நிறப் பலகைக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. கனம் என்று நான் சொல்வது வெறும் சத்தத்தை அல்ல. அந்த அசையில் குரல் சற்று உயர வேண்டும், உயிர் சற்று நீள வேண்டும், ஓசையும் சற்று வலுக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் ஆங்கிலக் காதுக்கு அது அழுத்தம். எங்கள் வகுப்பில் உறுமி மேளம் அடிக்கும் பையன்கள் இருவர் இருக்கிறார்கள். மேசையில் ஒரு கையால் பலமாகவும் மறு கையால் மெதுவாகவும் தட்டி 'வீல்' என்பதற்குப் பலத்த அடியும், 'பா' என்பதற்கு நடுத்தர அடியும், 'ரோ' என்பதற்குத் தொட்டும் தொடாத அடியும் அவர்கள்தான் வைத்துக் காட்டினார்கள். அதை எழுத்தில் நான் விளக்கியதைவிட அந்த மேசை நன்றாக விளக்கியது.

முதற்பாதிக்கே கனம் என்னும் விதிக்கு விலக்குகளும் உண்டு. அவற்றில் இரண்டைத் தெரிந்துகொள்வது நல்லது. தெருப் பெயர்களில் 'ஸ்ட்ரீட்' என்று முடிபவை மட்டும் தம் முன்சொல்லுக்குக் கனத்தைக் கொடுத்துவிடும். 'ரோட்' என்று முடிபவை கனத்தைத் தாமே வைத்துக்கொள்ளும். ஈப்போவின் பழைய தெருக்களை இன்னும் ஆங்கிலப் பெயரிலேயே சொல்லும் முதியவர்களைக் கேட்டுப் பாருங்கள்: 'ஹியூ லோ ஸ்ட்ரீட்' என்பதில் கனம் 'லோ' என்பதிலும், 'புரூஸ்டர் ரோட்' என்பதில் கனம் 'ரோட்' என்பதிலும் விழ வேண்டும். மற்றொன்று தின்பண்டம். ஒரு பண்டம் எதனால் செய்யப்பட்டது என்பதை முன்சொல் குறித்தால், கனம் பெரும்பாலும் பின்சொல்லுக்குப் போகும். தீபாவளிக்கு நாம் செய்யும் 'பைனாப்பிள் டார்ட்' இவ்வகையைச் சேர்ந்தது. ஆனால் 'கேக்', 'ஜூஸ்' என்று முடிபவை இதற்கும் கட்டுப்படாமல் முன்சொல்லுக்கே கனம் தருகின்றன. ஆகவே 'பைனாப்பிள் ஜூஸ்' என்பதில் 'பைன்' கனக்கும். பள்ளித் தலைமையாசிரியரைக் குறிக்கும் 'ஹெட்மாஸ்டர்' என்பதிலும் பிரிட்டிஷ் வழக்கில் கனம் 'மாஸ்' என்ற அசையில்தான்.

இறுதியாக, பல நூற்றாண்டுப் புழக்கத்தில் தேய்ந்துபோன கூட்டுச்சொற்கள். தமிழில் 'ஐப்பசி', 'வளையல்' போன்ற சொற்களில் ஐகாரம் தன் முழு மாத்திரையை இழந்து குறுகுவதை ஐகாரக்குறுக்கம் என்று படிக்கிறோம். ஆங்கிலத்திலும் அழுத்தம் இல்லாத இரண்டாம் பாதி நாளடைவில் குறுகி, அதன் உயிர் வாயைத் திறந்தும் திறவாமலும் ஒலிக்கும் மங்கலான ஓர் அகரமாகிவிடுகிறது. அலமாரியைக் குறிக்கும் சொல் 'கப்', 'போர்ட்' என்ற இரண்டிலிருந்து வந்தது. கோப்பைகளை வைக்கும் பலகை என்பதே அதன் பழைய பொருள். இன்று பகரம் ஒன்று மறைந்து, 'போர்ட்' குறுகி, 'கபட்' என்றே ஒலிக்கிறது. நடுவில் உள்ள பகரம் 'பம்பரம்' என்பதன் இரண்டாம் பகரம். 'பிரேக்' என்பதும் 'ஃபாஸ்ட்' என்பதும் சேர்ந்த காலையுணவு 'பிரெக்ஃபஸ்ட்' ஆனது. இரண்டு பாதிகளிலுமே உயிர் மாறிவிட்டது. 'போஸ்ட்மேன்' என்று எழுத்துப்படி நீட்டாமல் 'போஸ்ட்மன்' என்று சொல்ல வேண்டும். கேமரன் மலையின் ஆங்கிலப் பெயரில் உள்ள 'ஹைலண்ட்ஸ்' என்பதிலும் 'லேண்ட்' என்று நீட்டுவதற்கு இடமில்லை. கேரித் தீவின் பெயரில் உள்ள 'ஐலண்ட்' என்ற சொல்லும் ஆதியில் ஒரு கூட்டுச்சொல்லே. அதன் நடுவே எழுதப்படும் எஸ் அந்தச் சொல்லுக்கு உரியதன்று. பிரெஞ்சு வழியாக வந்த வேறொரு சொல்லின் சாயலில் பிற்காலத்தில் நுழைந்தது என்பதால், அது என்றுமே ஒலித்ததில்லை. 'ஐஸ்லண்ட்', 'நியூசிலண்ட்' என்று குறுகும் நாட்டுப் பெயர்களுக்கு நடுவே, 20ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்த 'தாய்லாந்து' மட்டும் ஆங்கிலத்தில் குறுகாமல் 'டைலாண்ட்' என்று முழுதாக ஒலிக்கிறது. அது தேயும் அளவுக்கு இன்னும் பழையதாகவில்லை.

எது தேய்ந்தது, எது தேயவில்லை என்பதற்கு உறுதியான விதி கிடையாது. ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் அறிய வேண்டும். சில சொற்கள் எழுத்தைப் பார்த்துத் திரும்பி வந்ததும் உண்டு: நெற்றியைக் குறிக்கும் சொல்லை முன்பு 'ஃபாரிட்' என்று சொன்ன ஆங்கிலேயர், இப்போது பெரும்பாலும் 'ஃபோர்ஹெட்' என்றே சொல்கிறார்கள். இங்கே நம் தாய்மார்களைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். 'நெக்' என்பதும் 'லேஸ்' என்பதும் சேர்ந்த கழுத்தணியின் பெயரை, ஆங்கிலம் படித்த பிள்ளை 'நெக்லேஸ்' என்று தவறாகப் படிக்க, பள்ளிக்கூடமே போகாத பாட்டி 'நெக்லஸ்' என்று சரியாகச் சொல்கிறார். அவர் அந்தச் சொல்லைத் தாளிலிருந்து எடுக்கவில்லை, காதிலிருந்து எடுத்தார்.

வீட்டில் பயிற்சி செய்ய நாளொன்றுக்கு மூன்று சொற்கள் போதும். முதலில் சொல்லைத் தாளில் எழுதி, இணைப்பிடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இரு பாதிகளையும் தனித்தனியே சொல்ல வைத்து, தாடைக்குக் கீழே கைவைத்து அசையை எண்ணச் சொல்லுங்கள். பிறகு உகரம் புகாமல் சேர்த்து, முதற்பாதியை உயர்த்திச் சொல்ல வேண்டும். அதன் பிறகே அகராதியில் உள்ள ஒலிப்பதிவைக் கேட்டு ஒப்பிட வேண்டும். முதலிலேயே கேட்டுவிட்டால் பிள்ளை கிளிப்பிள்ளையாகச் சொல்லுமே தவிர, அடுத்த புதுச்சொல்லைத் தானே அணுகும் துணிவு வராது. 'டூத்பிரஷ்' இரண்டசை, 'தண்டர்ஸ்டார்ம்' மூன்றசை, 'வாட்டர்மெலன்' நான்கசை, அதன் கடைசி அசையில் உயிர் குறுகும், 'கிராஸ்ஹாப்பர்' மூன்றசை, அதில் எஸ்ஸையும் எச்சையும் சேர்த்துப் படித்துவிடக் கூடாது.

அந்த மாணவி மறுவாரம் வரும்போது, தானே ஒரு சொல்லைக் கொண்டுவந்தாள். ஆலைக்குப் போகும் குலை லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் மேடை, அவளுடைய தாத்தா நாள்தோறும் பார்த்த இடம். அதன் ஆங்கிலப் பெயரில் ஜீயும் எச்சும் பீயும் வரிசையாக நிற்கின்றன. அவள் பென்சிலை எடுத்து எச்சுக்கும் பீக்கும் நடுவே கோடு போட்டாள். முதற்பாதி எடைபார்த்தல் என்று பொருள்படும் 'வெய்', அதன் ஜீயும் எச்சும் ஒலிப்பதில்லை; இரண்டாம் பாதி 'பிரிட்ஜ்', அதன் ஈறு ஜகரத்தில் நின்றுவிடும். 'வெய்பிரிட்ஜ்' என்று முதற்பாதியை உயர்த்திச் சொல்லி, மேசையில் இரண்டே தட்டு தட்டினாள்.